பழைய காரைத் திரும்பிப் பார்க்காத மனிதர்: ஃபெராரியின் ரூ.430 கோடி விலையும், எண்ணூர் வரை நீளும் கதையும்

2023 நவம்பர் மாதம், நியூயார்க் நகரில் ஒரு ஏலம். மேடைக்கு வந்தது 1962-ஆம் ஆண்டின் சிவப்பு நிற ஃபெராரி 250 ஜி.டி.ஓ. சுத்தியல் விழுந்து, கமிஷனும் சேர்ந்தபோது விலை 51.7 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.430 கோடி.

இந்த மாடல் புதுசாக இருந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 18,000 டாலர். அப்போது ஒரு டாலர் ரூ.4.76 தான். அதாவது, சுமார் ரூ.86 ஆயிரம். ஏசி கிடையாது. உள்ளே உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் காதைப் பிளக்கும். டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர்கூட இல்லை.

அப்படியொரு காருக்கு ஏன் இத்தனை கோடி? பதில் தெரிய வேண்டுமென்றால், அதை உருவாக்கிய மனிதரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இன்று உலகமே போட்டிபோட்டு வாங்கும் இந்தப் பழைய கார்கள்மீது அவருக்குத் துளியும் ஒட்டுதல் இல்லை. ரேஸ் முடிந்தால் விற்றுவிடுவார். விற்க மனமில்லை என்றால் உடைத்துவிடுவார்.

அவர் என்ஸோ ஃபெராரி.

பட்டறைக்காரர் மகன்

வடக்கு இத்தாலியில் உள்ள மோடெனா நகரில், 1898 பிப்ரவரி 18 அன்று பிறந்தார் என்ஸோ. அன்று கடும் பனிப்பொழிவு. அதனால் பிறப்பைப் பதிவு செய்யவே இரண்டு நாள் ஆனது என்பது குடும்பம் சொல்லும் கதை.

அப்பா ஆல்ஃப்ரெடோ, ரயில்வேக்கு இரும்பு வேலை செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வீடும் பட்டறையும் ஒட்டி ஒட்டி. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் லேத் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். 10 வயதில் அப்பா அவரை பொலோனியாவில் நடந்த கார் ரேஸுக்கு அழைத்துப் போனார். பையன் மனதில் அது அப்படியே தங்கிவிட்டது.

1916-இல் அப்பா இறந்தார். அதே ஆண்டு அண்ணனும் இறந்தார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போன என்ஸோவுக்குக் கிடைத்த வேலை, பீரங்கிப் படையின் கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்பது. கடும் நோயோடு வெளியே வந்தபோது அப்பாவும் இல்லை, பட்டறையும் இல்லை.

வேலை கேட்டு டூரின் நகருக்குப் போய் ஃபியட் நிறுவனத்தின் கதவைத் தட்டினார். இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அழுததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஃபியட்டும் அவரும் சந்திப்பது இதோடு முடியவில்லை. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரிலிருந்து முதலாளி

சின்னச் சின்ன வேலைகளுக்குப் பிறகு 1920-இல் ஆல்ஃபா ரோமியோவில் ரேஸ் டிரைவராகச் சேர்ந்தார். அந்த ஆண்டே சிசிலியின் புகழ்பெற்ற டார்கா ஃப்ளோரியோ ரேஸில் இரண்டாம் இடம். 1923-இல் ராவென்னா அருகே ஒரு ரேஸில் ஜெயித்தார். போரில் இறந்த விமானி ஃப்ரான்செஸ்கோ பராக்காவின் பெற்றோரின் அறிமுகம் அப்போதுதான் கிடைத்தது. மகனின் விமானத்தில் வரைந்திருந்த குதிரைச் சின்னத்தை என்ஸோ பயன்படுத்த அவர்கள் அனுமதி தந்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கறுப்புக் குதிரை, செத்துப்போன ஒரு பையனின் ஞாபகம்.

நல்ல டிரைவர்தான். ஆனால் தலைசிறந்த டிரைவர் இல்லை. அது அவருக்கே தெரிந்திருந்தது. அவருடைய உண்மையான திறமை ஆட்களைச் சேர்ப்பதிலும், அவர்களிடம் வேலை வாங்குவதிலும் இருந்தது. 1929-இல் 'ஸ்கூடேரியா ஃபெராரி' என்ற ரேஸ் அணியைத் தொடங்கினார். சொந்தக் கார் கிடையாது. ஆல்ஃபா ரோமியோ கார்களைத் தயார் செய்து ஓட்டுவதுதான் வேலை. 1932-இல் மகன் டினோ பிறந்ததும், தான் ரேஸ் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

1939-இல் ஆல்ஃபாவோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஃபெராரி என்ற பெயரில் ரேஸ் அணியோ காரோ கூடாது. அதனால் வேறு பெயரில் 1940-இல் இரண்டு கார் செய்தார். அதற்கு அடித்தளம் ஃபியட் 508சி என்ற சாதாரணக் குடும்பக் கார். அதன் இன்ஜின் 1089 சி.சி.

நம்ம ஊர் ரோடுகளில் ஓடிய ஃபியட் 1100 மற்றும் பிரீமியர் பத்மினிக்கும் அதே 1089 சி.சி. தான். ஒரே ஃபியட் பரம்பரை. தாத்தா வீட்டுப் பத்மினிக்கும் என்ஸோ செய்த முதல் காருக்கும் தூரத்து சொந்தம் உண்டு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கார் விற்றது எதற்காக?

இரண்டாம் உலகப் போரில் மாரனெல்லோ கிராமத்துக்கு மாற்றிய தொழிற்சாலை இரண்டு முறை குண்டுவீச்சில் சிக்கியது. மறுபடியும் கட்டினார். 1947 மார்ச்சில் ஃபெராரி என்ற பெயரோடு முதல் கார், 125 எஸ், வெளியே வந்தது. மே மாதமே ரோமில் ஒரு ரேஸ் ஜெயித்தது. 1949-இல் பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் ரேஸ். 1951-இல் சில்வர்ஸ்டோனில், தன்னை வளர்த்த ஆல்ஃபா ரோமியோவையே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தோற்கடித்தார். 1952, 1953 இரண்டு ஆண்டும் உலக சாம்பியன் பட்டம் ஃபெராரி ஓட்டிய ஆஸ்காரிக்கு.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மற்ற கம்பெனிகள் கார் விற்பதற்காக ரேஸ் ஓட்டின. என்ஸோ ரேஸ் ஓட்டுவதற்காகக் கார் விற்றார். ரேஸுக்குப் பணம் வேண்டும். அதற்குப் பணக்காரர்களுக்கு ரோட்டில் ஓட்டும் கார் கொஞ்சம் விற்பார். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்.

அதனால்தான் அந்தக் காலத்து ஃபெராரிகள் எண்ணிக்கையில் இவ்வளவு குறைவு. பின்னாளில் விலை ஏற வேண்டும் என்று அன்றைக்கு யாரும் திட்டம் போடவில்லை.

டினோ

1956 ஜூன் 30 அன்று, தசைச் சிதைவு நோயால் டினோ இறந்தார். வயது 24. இன்ஜினியரிங் படித்தவர். கடைசி நாட்களில், படுக்கையில் இருந்தபடியே புது வி6 இன்ஜின் பற்றி அப்பாவோடும் மூத்த வடிவமைப்பாளர் யானோவோடும் பேசிக்கொண்டிருந்தார். பின்னர் அந்த வகை இன்ஜினுக்கும், ஒரு கார் வரிசைக்கும் டினோ என்றே பெயர் வைத்தார் என்ஸோ. அதன் பிறகு கறுப்பு டையும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளமாகின. மகனின் கல்லறைக்குப் போவது தினசரி வழக்கமானது.

லீனா லார்டி என்பவரோடு அவருக்கு இன்னொரு மகனும் இருந்தார், பியரோ. 1945-இல் பிறந்தவர். மனைவி லௌரா 1978-இல் இறக்கும்வரை அந்த மகனை ஊரறிய ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு மகனை உலகமே அறிய நினைவில் வைத்தவர், இன்னொரு மகனை நீண்ட காலம் நிழலில் வைத்திருந்தார்.

விலைச்சீட்டில் வராத கணக்கு

1957 மே 12. இத்தாலியின் பொதுச் சாலைகளிலேயே 1,000 மைல் ஓடும் மில்லே மிலியா ரேஸ். குய்திட்ஸோலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. டிரைவர் தெ போர்டாகோ, கூட இருந்த நெல்சன், ரோட்டோரம் வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்த ரேஸ் அதோடு நின்றது. உயிரிழப்புக்குக் காரணமானவர் என்று என்ஸோ மீது வழக்கு. 1961-இல் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் மோன்ஸாவில் இன்னொரு விபத்து. ஃபெராரி டிரைவர் வோன் டிரிப்ஸும் பார்வையாளர்கள் பலரும் இறந்தார்கள்.

வோன் டிரிப்ஸ், அந்த 1957 மில்லே மிலியாவில் ஒரு ஃபெராரியை ஓட்டி இரண்டாவதாக வந்தவர். அவர் ஓட்டிய அந்தக் கார் 2016 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்துக்கு வந்தது. விலை 32 மில்லியன் யூரோ.

கலெக்டர்கள் கொடுக்கும் விலை வெறும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இல்லை. எந்த ரேஸில், யார் ஓட்டினார், எந்த இடம் என்ற சரித்திரத்துக்குத்தான். அந்தச் சரித்திரத்துக்குள் குய்திட்ஸோலோவின் குழந்தைகளும் இருக்கிறார்கள். ஏலக் கையேட்டைப் படிக்கும்போது அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

250 ஜி.டி.ஓ பிறந்த கதை

1961 கடைசியில் இன்னொரு இடி. தலைமை இன்ஜினியர் உட்பட முக்கியமான ஆட்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பாதியில் நின்ற கார்களில் ஒன்று 250 ஜி.டி.ஓ. அதை முடிக்கும் பொறுப்பு 26 வயது மாவ்ரோ ஃபோர்கியேரியிடம் போனது.

அந்தப் பிரிவில் ரேஸ் ஓட்ட, குறைந்தது 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. என்ஸோ செய்தது 36. இது புது மாடலே இல்லை, எங்கள் பழைய 250 ஜி.டி-யின் மாற்று வடிவம்தான் என்று வாதாடி அனுமதி வாங்கிவிட்டார். பணம் இருந்தாலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில் என்ஸோவின் சம்மதம் வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளில் புதிய கார்கள் வந்தன. ஜி.டி.ஓ வெறும் பழைய ரேஸ் கார் ஆனது. அதில் ஒன்றை அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். நம் பாலிடெக்னிக்குகளில் பழைய இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பாடம் நடத்துவார்களே, அந்த மாதிரி. 1972-இல் அந்தப் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் பல ஆண்டுகள் அதை வெட்டவெளியில், வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்திருந்தார்.

என்ஸோவும் சளைத்தவர் இல்லை. 1961-இல் உலகப் பட்டம் வென்ற, சுறா மூக்கு என்று பெயரெடுத்த ஃபார்முலா ஒன் கார்கள் அத்தனையும் உடைக்கப்பட்டன. இன்று ஒன்றுகூட மிச்சமில்லை.

ஃபியட் திரும்ப வந்தது, எண்ணூருக்கும்தான்

1963-இல் அமெரிக்காவின் ஃபோர்டு, ஃபெராரியை வாங்க வந்தது. ஒப்பந்தம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில், ரேஸ் செலவை முடிவு செய்யும் அதிகாரம் தன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்ததும் என்ஸோ எழுந்துவிட்டார். கோபமடைந்த ஃபோர்டு 1966 லெ மானில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. இது ஹாலிவுட் படமாகவே வந்துவிட்டது. அதே 1963-இல் டிராக்டர் தயாரிப்பாளர் லாம்போர்கினி, பக்கத்து ஊரிலேயே போட்டிக் கம்பெனி தொடங்கினார்.

பணம் தீர்ந்துகொண்டே வந்தது. 1969-இல் என்ஸோ தன் கம்பெனியில் பாதியை விற்றார். வாங்கியது, 50 ஆண்டுகளுக்கு முன்பு வேலை இல்லை என்று அனுப்பிய அதே ஃபியட். ரேஸ் பிரிவின் கட்டுப்பாடு மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

சரி, இதுக்கும் வட சென்னைக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியா சுதந்திரம் அடைந்த மறு ஆண்டு, 1948-இல், ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். தொழிற்சாலை எண்ணூரில். பெயர், அவருடைய மகன் அசோக்கின் பெயர். முதலில் அங்கே பொருத்தப்பட்டது பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 கார். பிறகு லேலண்டோடு ஒப்பந்தம், லாரி தயாரிப்பு. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. கார் நின்றுபோனது. லாரியும் பஸ்ஸும் நிலைத்தன.

1987-இல் பிரிட்டன் லேலண்டின் பங்குகளை இந்துஜா குழுமமும் இவெக்கோவும் சேர்ந்து வாங்கின. இவெக்கோ, ஃபியட்டின் லாரி கம்பெனி. அப்போது என்ஸோ உயிரோடுதான் இருந்தார். அதாவது, எண்ணூர் லாரித் தொழிற்சாலையிலும் மாரனெல்லோ ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலையிலும் ஒரே நேரத்தில் பங்கு வைத்திருந்தது டூரினில் இருந்த ஒரே குடும்பம். அசோக் லேலண்டின் கார்கோ லாரி, இவெக்கோ வழியாக வந்த வடிவம்தான். சுமார் 20 ஆண்டு நீடித்த இந்த உறவு, இவெக்கோ வெளியேறியதும் முடிந்தது.

இரண்டு தொழிற்சாலைகள். இரண்டிலும் மகன் பெயரில் ஓர் அடையாளம். ஒன்றில் செய்த வண்டிகள் இன்று பல கோடி. இன்னொன்றில் செய்தவை உழைத்து முடித்ததும் காயலான் கடைக்குப் போயின. எண்ணூரில் செய்தவர்களின் கைத்திறன் குறைச்சல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. லாரி ஓடித் தேய்வதற்காகச் செய்யப்படுவது. அதை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை.

பழைய கார் சந்தை எப்படி இயங்குது?

என்ஸோ 1988 ஆகஸ்ட் 14 அன்று, 90 வயதில் இறந்தார். அடக்கம் முடிந்த பிறகே செய்தி வெளியானது. அந்த சீசனில் மெக்லாரன் 16 ரேஸில் 15 ஜெயித்தது. ஜெயிக்காத ஒன்று, என்ஸோ இறந்து நான்கு வாரத்தில் நடந்த மோன்ஸா. அதில் முதல் இரண்டு இடமும் ஃபெராரிக்கு.

பழைய ஃபெராரிகளின் விலை அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது. அவர் மறைவுக்குப் பிறகு இன்னும் வேகமாக ஏறியது. இனி அவர் கைபட்ட கார் புதிதாக வரப்போவதில்லையே. அந்த விலையைத் தீர்மானிப்பவை இவைதான்:

எண்ணிக்கை: 36 என்றால் 36 தான். ஒன்று விற்பனைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

நம்பர்: சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் தொழிற்சாலைப் பதிவோடு பொருந்த வேண்டும். இன்ஜின் மாறியிருந்தால் விலை விழும்.

சரித்திரம்: எந்த ரேஸ், எந்த டிரைவர், எந்தெந்த ஓனர் என்பதற்குக் காகித ஆதாரம். 1965 லெ மான் ஜெயித்த 250 எல்.எம் கார் 2025 பிப்ரவரியில் பாரிஸில் சுமார் 35 மில்லியன் யூரோவுக்குப் போனதற்கு அந்த ஒரு வெற்றிதான் காரணம்.

சான்றிதழ்: ஃபெராரியே இப்போது பழைய கார்களைச் சோதித்துச் சான்று தருகிறது. 2019-இல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்று 250 ஜி.டி.ஓ-வைக் கலைப்படைப்பாகவே கருதி, நகல் செய்யத் தடை விதித்தது.

நம்ம ஊரில் பழைய புல்லட் வாங்கினவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. 1955-இல் தொடங்கி திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளுக்கும் இதே சோதனைதான். இன்ஜின் நம்பர் பொருந்துதா, ஆர்.சி. புக் சரியா, பாகங்கள் ஒரிஜினலா? ஒரே மாடல், ஒரே வருஷம். ஆனாலும் பேப்பர் இருக்கிற வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலை வேற.

முதலீடா, மோகமா?

விலை ஏறுவது மட்டும்தான் செய்தியாகும். இறங்குவதும் உண்டு. என்ஸோ காலத்தில் வெளிவந்த கடைசி ஃபெராரி, 1987-இன் எஃப்40. சுமார் 400 கார் என்று தொடங்கி, கடைசியில் 1,300-க்கு மேல் செய்தார்கள். கார் கைக்கு வரும் முன்பே புக்கிங்கை லாபத்துக்கு விற்றவர்கள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பான் பொருளாதாரம் சரிந்ததும் சந்தை உடைந்தது. உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விலைகள் மீள பல ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் இருந்து இந்தச் சந்தைக்குள் நுழைவது இன்னும் கஷ்டம். 1950-க்கு முன்பு செய்த விண்டேஜ் கார்களுக்கு மட்டுமே இறக்குமதிக்கு எளிதான வழி என்பது நீண்ட காலம் இருந்த விதி. ஃபெராரியின் முதல் காரே 1947 தான். ஆக, ஃபெராரி சரித்திரத்தில் முதல் மூன்று ஆண்டுகள் மட்டுமே அந்தக் கதவுக்குள் நுழையும். 2025-இல், 50 ஆண்டு பழைய கார்களுக்கு என்று இது தளர்ந்தது. ஆனாலும் துறைமுகத்தில் கட்ட வேண்டிய வரி மட்டுமே மயக்கம் வரவைக்கும்.

உள்ளூரில் இருக்கும் பழைய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு ஒரு வழி செய்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகத் தனி 'வி.ஏ.' நம்பர் வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000. பத்து ஆண்டு செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

இதில் நமக்கு உடனடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த பழைய வண்டி ஏதாவது இருந்தால், காயலான் கடைக்குப் போன் போடும் முன் பேப்பரைத் தேடுங்கள். பழைய ஆர்.சி., சர்வீஸ் பில், வண்டியோடு எடுத்த போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அது ரூ.430 கோடிக்குப் போகாது. ஆனால் அந்த வண்டி யாருடையது, எங்கே ஓடியது என்று சொல்ல நாளைக்கு ஓர் ஆதாரம் இருக்கும். எண்ணூரில் பொருத்தி வெளியே வந்த ஆஸ்டின்களில் ஒன்று இன்று கிடைத்தால், அதன் மதிப்பும் அங்கிருந்துதான் தொடங்கும்.

என்ஸோ இதையெல்லாம் கேட்டால் சிரித்திருப்பாரோ என்னவோ. அவருக்கு முக்கியம், அடுத்த ஞாயிறு ஓடப்போகும் கார் மட்டும்தான். அவர் ரேஸுக்காகப் பணம் தேடித் தேடி, பாதிக் கம்பெனியையே விற்றார். அவர் 18,000 டாலருக்கு விற்ற காரில் மற்றவர்கள் சம்பாதித்த கோடிகளில் ஒரு டாலர்கூட அவர் கைக்கு வரவில்லை.